பொய்த்த பருவத்தில் போட்ட பணம்

மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கித் தம்புள்ளைக்குப் போகும் பெருந்தெருவிலே, அலுவிகாரையின் கற்குகைகளைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பலாபத்வல என்னும் ஊர் வருகிறது. தெருவின் இருமருங்கிலும் மிளகுக் கொடி படர்ந்த மரங்கள். அவற்றின் நிழலிலே கொக்கோ. இடையிடையே கராம்பும் சாதிக்காயும். பிறநாட்டார் வண்டியை நிறுத்தி, வாசனைத் திரவியத் தோட்டங்களைப் பார்த்துச் செல்லும் வழி என்று இந்தப் பாதை இப்போது பெயர் பெற்றிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே பாதையில் நடந்து வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அவர்கள். தம்புள்ளை, நாலந்தா, பலாபத்வல என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டி மாத்தளை வந்து சேர்ந்தபோது, உயிரோடு வந்தோம் என்று மாரியம்மனைக் கும்பிட்டார்கள். வாந்திபேதியாலும் அம்மை நோயாலும் வழியிலேயே விழுந்தவர்களின் தொகையைச் சரியாக எண்ணி வைத்தவர் எவருமிலர்.

அவர்களை அழைத்து வந்தது கோப்பிப் பயிர். இலங்கையில் அது செழித்ததும் பின்னர் நோயால் மடிந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதைதான். ஆனால் அந்தக் கதையிலே அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. அழிவு தொடங்கிவிட்ட பின்பு, அழிந்துகொண்டிருந்த அதே பயிரில், முன்னர் எப்போதும் போடப்படாத அளவு பணம் போடப்பட்டது. காடுகள் முன்னிலும் வேகமாக வெட்டப்பட்டன. நிலத்தின் விலை ஏறியது. தொழிலாளர் மேலும் மேலும் வரவழைக்கப்பட்டனர். கணக்குப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த வணிகர்கள் இப்படிச் செய்தது ஏன் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இதை விளங்கிக்கொள்வதற்குச் சிறிது நேரம் பிரான்சு தேசத்துக்குச் சென்று வருதல் வேண்டும். அங்கே போர்தோ என்னும் துறைமுக நகரைச் சூழ்ந்து உலகப் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. மதுவைப்பற்றி வானொலியில் பேசுவது தகுமோ என்று நேயர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நாம் பேசப்போவது அதன் வாணிகத்தைப்பற்றி மட்டுமே. ஆதலால் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறோம்.

போர்தோவின் சிவப்புத் திராட்சை மது அறுவடை செய்த ஆண்டின் பெயராலேயே விலை பெறுவது. ஒரே தோட்டம், ஒரே கொடி, ஒரே உழவன். ஆயினும் ஓர் ஆண்டின் மதுவுக்கு ஒரு விலையும் மறு ஆண்டின் மதுவுக்கு வேறொரு விலையும் உண்டு. இளவேனிலில் உறைபனி விழுந்தால் தளிர் கருகும். பூக்கும் நாட்களில் மழை பெய்தால் பிஞ்சு பிடிக்காது. அறுவடைக்கு முன் மழை விடாது பெய்தால் பழத்தில் நீரேறிச் சாறு வலுவிழக்கும், தோல் அழுகும். சிவப்பு மதுவுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருவதால், தோல் அழுகினால் எல்லாம் போயிற்று. இத்தகைய மதுவை வணிகர்கள் எப்போது வாங்குகிறார்கள்? அறுவடைக்கு அடுத்த இளவேனிலிலேயே, மது பீப்பாயில் கிடக்கும்போதே விலை பேசி முடித்துவிடுகிறார்கள். அது போத்தலில் அடைபட்டு வெளிவருவதற்கு மேலும் ஓராண்டோ ஈராண்டோ ஆகும். குடிப்பதற்குப் பக்குவமாவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள்கூடச் செல்லலாம். எனவே அவர்கள் வாங்குவது மதுவை என்பதைவிட, மதுவைப்பற்றிய ஓர் எதிர்பார்ப்பை என்று சொல்வதே பொருந்தும்.

பருவம் பொய்த்த ஆண்டின் மதுவையும் வாங்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூறும் நியாயம் இது: கெட்ட ஆண்டில் விளைச்சல் குறைவு; குறைவானது அருமையாகும்; அருமையானதற்கு ஒருநாள் விலை ஏறும்; அழுகிய பழத்தைக் கழித்து நல்ல பழத்தை மட்டும் பிழியும் சிறந்த தோட்டக்காரன் கெட்ட ஆண்டிலும் நல்ல மது தருவான். இதில் பாதி உண்மை இருக்கிறது. எஞ்சிய பாதியை 1972ஆம் ஆண்டு காட்டிக் கொடுத்தது. அவ்வாண்டின் கோடை குளிர்ந்து கிடந்தது. திராட்சை தாமதமாகவும் அரைகுறையாகவும் பழுத்தது. மது மெலிந்து புளித்திருந்தது. அதற்கு முந்திய சில ஆண்டுகளாக விலை ஏறிக்கொண்டே வந்திருந்ததனால், இனியும் ஏறும் என்ற நம்பிக்கையில் அந்த மெலிந்த மதுவையும் வணிகர்கள் மிக உயர்ந்த விலைக்கு வாங்கிக் குவித்தார்கள். 1973இன் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974இல் போர்தோச் சந்தை சரிந்தது. பழைய வணிக நிலையங்கள் பல தள்ளாடின. பருவத்தைப் பாராது விலையைப் பார்த்தவர்கள், விலை போனபின்பு தம் நிலவறையில் கிடந்தது என்ன மது என்பதைச் சுவைத்துத் தெரிந்துகொண்டார்கள்.

இனி நமது நாட்டுக்குத் திரும்புவோம். கோப்பிப் பழமும் முற்றினால் செக்கச் சிவந்திருக்கும். அதனைத் தோட்டத்து ஆலையில் தோல் நீக்கி, கழுவி, அரையுலர்வாக மாட்டு வண்டியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்புக் களஞ்சியங்களில் அது நன்றாக வெயிலில் உலர்த்தப்பட்டு, மேலுறை நீக்கப்பட்டு, பெண் தொழிலாளரால் தரம் பிரிக்கப்பட்டது. பின்னர் மதுவைப் போலவே மரப் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். மது பீப்பாயில் கிடந்து மெருகேறும். கோப்பி அவ்வாறு காத்திருக்க மாட்டாது. வைத்திருக்க வைத்திருக்க மணமும் நிறமும் கெடும். விற்றாக வேண்டும், இலண்டன் தரும் விலைக்கே விற்றாக வேண்டும்.

பருவத்தின் தயவு இங்கும் பெரிது. மாசி பங்குனியில் வெயில் காய்ந்து, அதன்மேல் ஒரு மழை பெய்ய வேண்டும். பெய்தால் எட்டுப் பத்து நாட்களில் கிளையெல்லாம் மல்லிகை போன்று வெள்ளைப் பூ விரியும். விரிந்த நாட்களிலே பெருமழை கொட்டினால் பூ நனைந்து பிஞ்சு குறையும். ஐப்பசி தொடங்கிப் பழம் பறிக்கும் காலம். பூவுக்கும் பழத்துக்கும் இடையே தென்மேற்குப் பருவக்காற்றின் நீண்ட ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தின் பங்கைப் பின்னர்க் காண்போம். நட்ட கன்று மூன்றாம் ஆண்டிலேதான் காய்க்கத் தொடங்கும். முழு விளைவுக்கு மேலும் இரண்டொரு ஆண்டுகள் வேண்டும். அதுவரை காடு வெட்டவும் கூலி கொடுக்கவும் அரிசி வாங்கவும் பணத்துக்கு எங்கே போவது? கொழும்பிலிருந்த முகவர் நிலையங்கள், தோட்டத்தை ஈடாகப் பெற்று, மரத்தில் பழம் தோன்றுமுன்பே முற்பணம் கொடுத்தன. அந்த முகவர்களுக்கு இலண்டனிலும் ஸ்கொத்லாந்திலும் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பூவாத கோப்பியின் மேல் இவ்வாறு கடன்மேல் கடன் அடுக்கப்பட்டிருந்தது.

இந்த அடுக்கு ஒருமுறை சரிந்தும் இருக்கிறது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கும் பிரித்தானியா ஒரே தீர்வை விதித்த பின்பு, மலைநாட்டு நிலத்துக்குப் பெரும் போட்டி உண்டாயிற்று. அப்போது அரசினர் ஏக்கரை ஐந்து சிலிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் நீதிபதிகளும் படை அதிகாரிகளும் உயர்ந்த அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். நிலத்தை விற்ற கையும் வாங்கிய கையும் சில வேளைகளில் ஒன்றாகவே இருந்தன. 1847இல் பிரித்தானியாவில் வாணிக நெருக்கடி ஏற்பட்டது, கோப்பி விலை விழுந்தது, தோட்டங்கள் கைவிடப்பட்டன. வருமானம் குறைந்த அரசாங்கம், தேசாதிபதி டொரிங்டனின் காலத்தில், துப்பாக்கிக்கும் நாய்க்கும்கூட வரி விதித்தது. அதன் விளைவே 1848 யூலையில் மாத்தளையை உலுக்கிய கிளர்ச்சி. தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டதும், ஆகஸ்டு 8ஆந் தேதி கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதும் நாடறிந்த செய்திகள். இலண்டனில் ஒரு பொருளின் விலை விழ, மாத்தளையில் குடிமக்கள் இரத்தம் சிந்தினார்கள்.

இந்த முதற் சரிவிலிருந்து தோட்டத்துரைமார் கற்றுக்கொண்ட பாடமே பிற்காலத்தில் அவர்களுக்கு வினையாயிற்று என்று எண்ணத் தோன்றுகிறது. 1847க்குப் பின் அஞ்சி ஓடியவர்கள் தோற்றார்கள். கைவிடப்பட்ட தோட்டங்களை மலிவாக வாங்கிப் பொறுத்திருந்தவர்கள் 1850களில் செல்வந்தரானார்கள். கெட்ட காலத்தில் வாங்கு, நல்ல காலத்துக்குக் காத்திரு என்பது அவர்களுக்கு வேதவாக்கு ஆயிற்று. கெட்ட காலம் என்பது ஒரு பருவமாக இருந்தால் அவ்வாக்கு பலிக்கும்.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. கையால் தடவினால் மஞ்சள் பொடி போல ஒட்டிக்கொள்ளும். பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெய்ற்ஸ் என்பவர் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். காளான் இனங்களை ஆராய்ந்தவரும் மதகுருவுமான பேர்க்லி, இதுவரை எவரும் கண்டிராத ஒரு நுண்ணிய பூஞ்சணம் இது என்று கண்டு, அவ்வாண்டிலேயே அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பாதி வழவழப்பானது, பாழாக்குவது என்பது அப்பெயரின் பொருள். அதற்கு முந்திய ஆண்டு, 1868இல், தென் பிரான்சில் திராட்சைக் கொடிகளின் வேரை உறிஞ்சிக் கொன்றுகொண்டிருந்த ஒரு சிறு பூச்சியைப் பிளான்சோன் என்னும் அறிஞர் கண்டறிந்து, அதற்குப் பிலொக்சேரா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டிருந்தார். ஓராண்டு இடைவெளியில் இரு பயிர்களுக்கும் எதிரி வந்தது. இரண்டுக்கும் பாழாக்குவது என்ற ஒரே பட்டம் கிடைத்தது.

பூஞ்சணம் கோப்பி மரத்தை உடனே கொல்வதில்லை. அதுதான் கேடு. நோய் கண்ட இலை உதிர்ந்துவிடும். இலை உதிர்ந்தால் பழத்துக்கு உணவு கிடையாது. பாதி பழம் சாவியாகும். சில வாரத்தில் மரம் மறுபடி துளிர்க்கும். பச்சைப் பசேலென்ற தோட்டத்தைப் பார்த்த துரை நோய் நீங்கிவிட்டது என்று கடிதம் எழுதுவார். அடுத்த ஆண்டு சற்று நல்ல விளைச்சலும் வரும். அதற்கடுத்த ஆண்டு விழும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டவர்கள், மழை அதிகம், காற்று அதிகம், மண் இளைத்துவிட்டது என்று பருவத்தையும் நிலத்தையும் குறை கூறினார்கள். எருவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். எருவால் இலை செழித்தது. செழித்த இலையில் பூஞ்சணமும் செழித்தது. இது தானாக நீங்கக்கூடிய நோயன்று என்ற கவலையைத் துவெய்ற்ஸ் வெளியிட்டு வந்தார். தோட்டத்தார் அவரை இருண்ட பக்கமே பார்க்கும் கிழவர் என்று எண்ணினார்கள்.

அவர்கள் அப்படி எண்ணுவதற்கு ஒரு வலிமையான காரணம் இருந்தது. 1870களில் கோப்பியின் விலை ஏறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோப்பி அருந்துவோர் பெருகிய வேகத்தில் உற்பத்தி பெருகவில்லை. சில ஆண்டுகளுக்குள் விலை பாதிக்குமேல் உயர்ந்தது. ஏக்கருக்குச் சராசரி நாலரை அந்தர் அளவில் விளைந்த இடத்தில், அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஏறத்தாழ பாதியே விளைந்தது. ஆயினும் விளைச்சல் குறைந்ததை விலை ஈடுசெய்தது. கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. நோய் குறைத்ததை நிலத்தைப் பெருக்கி நிரப்புவோம் என்று திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகளில் புதிதாகக் கோடரி விழுந்தது. கோப்பி பயிரிட்ட நிலம் 1878 அளவில் சுமார் 2,75,000 ஏக்கராகித் தன் உச்சத்தை எட்டியது. நோய் கண்டறியப்பட்டு ஒன்பதாம் ஆண்டு அது! ஒரு மலையிலிருந்து மறுமலை வரை இடையில் வேறு மரமின்றிக் கோப்பியே நின்றது. பூஞ்சணத்துக்கு அதைவிடச் சிறந்த விருந்து வேறில்லை.

பேராதனையில் டானியல் மொரிஸ் என்பவர் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். பின்னர் 1880இல் இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்னும் இருபத்தைந்து இருபத்தாறு வயது இளைஞர் அனுப்பப்பட்டார். அவர் இரண்டாண்டுக் காலம் இந்நோயை ஆராய்ந்த விதம் பாராட்டத்தக்கது. ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் பறந்து வந்து படியும் நுண்வித்துக்களை எண்ணினார். ஈரமான இலையின் மேல் அவ்வித்து முளைத்து இலைக்குள்ளே புகுந்துவிடுகிறது. புகுந்தபின் மேலே தூவும் மருந்தால் பயனில்லை என்று நிறுவினார். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் என்று முன்னர்க் கூறினோமே, அதன் பங்கு இதுதான்: காற்று வித்தைச் சுமந்தது, மழை அதை முளைக்கச் செய்தது. காற்றைத் தடுக்கும் மரவரிசைகள் வேண்டும் என்றும், ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே பேரிடருக்கு வழி வகுத்தது என்றும் அவர் கூறினார். தோட்டத்தார் அவரிடம் கேட்டது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம். ஏமாற்றம் பெரிதாயிருந்தது. 1882இல் அவர் தாயகம் திரும்பினார்.

அவர் வந்த அதே 1880ஆம் ஆண்டிலேதான் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்த புகையிரதம், மாத்தளைக் கோப்பியை ஏற்றிச் செல்வதற்கென்று நீட்டப்பட்டது. பாதை வந்து சேர்ந்தபோது பயிர் போய்க்கொண்டிருந்தது. பலாபத்வலையையும் அதற்கப்பாலும் உள்ள ஊர்களிலிருந்து கோப்பி மூட்டைகளோடு வந்த மாட்டு வண்டிகளின் தொகை, அந்த நிலையம் கட்டி முடிந்ததிலிருந்து குறைந்துகொண்டே சென்றது. அரசாங்கத்தையும் நாம் குறை கூற வேண்டியதில்லை. அதுவும் விலையைப் பார்த்தே கணக்குப் போட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் பிரேசிலின் கோப்பி வெள்ளமெனச் சந்தைக்கு வந்தது, விலை விழுந்தது. பத்தாண்டுகளாக நோயை மூடி வைத்திருந்த திரை ஒரே இழுப்பில் விலகியது. கடனைத் திருப்பிக் கேட்டபோது கொடுப்பதற்குப் பழமும் இல்லை, விற்பதற்கு நிலத்துக்கு விலையும் இல்லை. தோட்டங்களின் மேல் பெரும் பணத்தைக் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு 1884 மே மாதம் கதவை மூடியது. நாட்டில் வழங்கிய காசுத்தாள்களில் பெரும்பகுதி அந்தப் பாங்கு வெளியிட்டவையாதலால், கடைத்தெருவில் ஒரே கலக்கம் உண்டாயிற்று. தேசாதிபதி ஆர்தர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று துணிந்து அறிவித்துக் கலக்கத்தை அடக்கினார். அந்தக் காலத்து ஆட்சியாளர் செய்த நற்செயல்களைப் பொறுக்கி எடுத்தால் அதற்கும் ஓர் இடம் உண்டு.

பணம் போட்டவர்கள் இழந்தது பணம். பணம் போடாதவர்கள் என்ன இழந்தார்கள்?

1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. 1877இல் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுள் வடபாதையால் வந்தவர்கள் பலாபத்வலையைக் கடந்துதான் மலையேறினார்கள். பஞ்சத்துக்குத் தப்பி வந்த அவர்கள் போய்ச் சேர்ந்தது, விலையால் தாங்கிப் பிடிக்கப்பட்டு உள்ளே உளுத்துப்போன ஒரு தொழிலில். கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் தலையில் கடனாக இருந்தது. அந்தக் கடனைக் குறித்த துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. தோட்டம் நொடித்தபோது மாதக்கணக்கில் கூலி கிடைக்கவில்லை. ஈடு பெற்றவன் முதலில் வந்து நின்றான், உழைத்தவன் கடைசியில் நின்றான். இந்த வரிசையை மாற்றித் தொழிலாளரின் கூலிக்கே தோட்டத்தின் மேல் முதல் உரிமை என்று சட்டம் செய்வதற்கு 1884 வரை ஆயிற்று. பாங்கு மூடிய ஆண்டும் அதுவே. சம்பளம் கொடாத தோட்டத்தை விட்டுப் பலர் ஊர் திரும்பினார்கள். எந்தக் கால்களால் வந்தார்களோ அந்தக் கால்களாலேயே, அதே தெருவால்.

கண்டி நாட்டுக் கிராமத்தவரின் இழப்பையும் மறத்தலாகாது. துரைமார் தோட்டக் கோப்பியைப் பற்றியே நூல்கள் பேசுகின்றன. ஆனால் கிராமத்து வீடுகளைச் சுற்றி வளர்ந்த கோப்பியும் ஏற்றுமதியில் பெரும் பங்காக, சில ஆண்டுகளில் மூன்றிலொரு பங்கு அளவாக இருந்தது. முஸ்லிம் வியாபாரிகள் ஊர் ஊராகச் சென்று அதை வாங்கினார்கள். உப்புக்கும் துணிக்கும் வரிக்கும் வேண்டிய காசு அந்தச் சில மரங்களிலிருந்து வந்தது. பூஞ்சணம் வேலியைப் பார்த்துத் திரும்பவில்லை. மரம் போனதும் நெல்வரி கட்டக் காசில்லாமற் போயிற்று. 1880களில் வலப்பனைப் பகுதியில் வரி கட்டாத குடியானவரின் வயல்கள் விற்கப்பட்டு, குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. அந்த அநியாயம் நீண்ட விவாதத்துக்குப் பொருளாகி, இறுதியில் 1892இல் நெல்வரியே ஒழிக்கப்பட்டது.

1870 அளவில் ஆண்டுக்குப் பத்துக் கோடி றாத்தலாக இருந்த இலங்கைக் கோப்பி ஏற்றுமதி, 1889இல் சுமார் ஐம்பது இலட்சம் றாத்தலாகச் சுருங்கியது. வியப்பு என்னவெனில், பிரான்சின் மது உற்பத்தியும் 1875இல் எட்டுக் கோடி ஹெக்டோலீற்றரைத் தாண்டியிருந்து, அதே 1889இல் இரண்டரைக் கோடிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் திராட்சை பிழைத்துக்கொண்டது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்க்கட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டு அங்கே மீண்டும் பயிரிட்டார்கள். இங்கே லைபீரியக் கோப்பியை நட்டுப் பார்த்தார்கள்; அதையும் நோய் விடவில்லை.

இவ்விரு பயிர்களின் கதையும் பின்னொரு முறை சந்தித்தது. 1882இன் இலையுதிர் காலத்தில், வார்ட் இலங்கையை விட்டுச் சென்ற அதே ஆண்டில், போர்தோப் பல்கலைக்கழகத்து அறிஞர் மில்லார்தே, சென் ஜூலியன் என்னும் ஊர்ப்பக்கம் திராட்சைத் தோட்டங்களூடே நடந்துகொண்டிருந்தார். அப்போது அங்கே ஒரு பூஞ்சண நோய் கொடிகளின் இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. தெருவோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதைக் கண்டு விசாரித்தார். வழிப்போக்கர் பழம் திருடாமலிருக்க, நச்சுப் பார்வை தரும்படி துருசையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருந்தார்களாம். திருடனுக்குப் போட்ட பூச்சு நோயையும் விரட்டியது. ஆராய்ந்து பார்த்து 1885இல் அவர் வெளியிட்ட அக்கலவைக்குப் போர்தோக் கலவை என்று பெயர். நுண்வித்து இலைக்குள் புகுமுன்பே அதைத் தடுக்கும் மருந்து அது. கோப்பியின் இலைத்துரு நோய்க்கும் அது நல்ல காவல். குடகிலும் நீலகிரியிலும் மழைக்கு முன்னும் பின்னும் கோப்பிச் செடிக்குத் தெளிப்பது அந்தக் கலவையைத்தான். சிவப்பு மதுவின் நாட்டிலிருந்து மருந்து வந்தபோது, இலங்கையில் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டுப்போன கோப்பி மரங்களைத் தோல் சீவி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தேநீர் மேசைகளுக்குக் காலாகப் பொருத்துவதற்கு என்று அக்காலத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாத்தளையின் தாழ்ந்த பகுதிகளில் தேயிலைக்குப் பதிலாகக் கொக்கோவும், பின்னர் இறப்பரும் இடம் பிடித்தன. கொக்கோவுக்கு நிழல் வேண்டும். அதனால் வேறு மரங்களோடு கலந்தே அதை நட நேர்ந்தது. பலாபத்வலைப் பக்கத்துத் தோட்டங்களில் பலாவும் மிளகும் கராம்பும் கொக்கோவும் நெருக்கியடித்து நிற்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். உற்றுப் பார்த்தால் அவற்றினிடையே வீட்டுத் தேவைக்கென்று விடப்பட்ட சில கோப்பி மரங்களும் தெரியும். மழைக்காலத்தில் அவற்றின் இலையைத் திருப்பிப் பார்ப்பவர்கள் அடிப்புறத்தில் அதே செம்மஞ்சள் பொடியைக் காணலாம்.